தீனி எடுக்காத தொட்டி

முன் தொட்டி மீன்கள் தீனி எடுப்பதை நிறுத்தியபோது பெரியவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அதைத் தெருவில் நின்று சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. மீன்களும் அவருக்கு வீட்டைச் சேர்ந்தவைதான். காலையில் தொட்டிச் சுவரோரம் நின்று ஒரு கை தீனியை வீசுவார். முன்பெல்லாம் தீனி தண்ணீரைத் தொடுவதற்குள் தொட்டியே கொதிக்கும். இப்போது உருண்டைகள் மிதந்தன, காற்று தள்ளிய பக்கம் போயின, மூலையில் ஒதுங்கி ஊறிப் பெருத்துக் கலைந்தன. கீழே பச்சைத் தண்ணீருக்குள் கரிய முதுகுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி அசையாமல் நின்றன. வேலையாட்கள் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி ஏதாவது ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அது கெண்டை மீன் பண்ணை. பெரியவரின் அப்பா வெட்டிய குட்டைகளில் தொடங்கி, சிமெண்டுத் தொட்டிகளாக வளர்ந்தது. வாசல் கேட்டைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது முன் தொட்டி. தாய் மீன்கள் அதில்தான் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கை நீளம், ஒரு செதில்கூடக் கலையாத உடம்பு. பருவம் வந்தால் அவை இடும் முட்டையிலிருந்துதான் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் குஞ்சு போகும். பெரியவர் வீட்டுக் குஞ்சு என்றால் வாங்குகிறவர்கள் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். பம்ப் அறைக்குப் பின்னால் இன்னொரு சிறிய தொட்டியும் இருந்தது. துடுப்பு கிழிந்தவை, முதுகு வளைந்தவை, ஒரு கண் போனவை எல்லாம் அங்கே கிடந்தன. யாரையும் அந்தப் பக்கம் கூட்டிப் போவதில்லை. பெரியவரே போவதில்லை.

தீனி சம்பந்தி ஆலையிலிருந்து வந்தது. மகளைக் கொடுத்த வீட்டில் தீவன ஆலை இருக்கும்போது வேறெங்கோ போய் வாங்கினால் நன்றாக இருக்காது என்று, கல்யாணம் முடிந்த கையோடு பெரியவரே சொல்லி ஏற்பாடு செய்தது அது. ஆரம்பத்தில் மீன்கள் நன்றாகத்தான் தின்றன. பிறகு கொஞ்சம் மிச்சம் வைத்தன. பிறகு நிறைய மிச்சம் வைத்தன. கடைசியில் மேலே வருவதையே விட்டுவிட்டன. பெரியவர் தொட்டிச் சுவரில் கையை ஊன்றி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். சொந்தக்காரன்தானே, கேட்கவா போகிறான் என்று சம்பந்தி வீட்டில் கலவையில் கை தளர்ந்துவிட்டது. வேறென்ன இருக்க முடியும்?

முடிவுக்கு வந்துவிட்டால் அவர் ஆறப்போடுகிறவர் அல்ல. பட்டப்பகலில், வேலையாட்கள் அத்தனை பேரும் பார்க்க, கிடங்கில் இருந்த தீனி மூட்டைகளை லாரியில் ஏற்றச் சொன்னார். ஓட்டுநர், அங்கே போய் என்ன சொல்வது என்று கேட்டார். மீன் திங்காததை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய, செய்தவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று பெரியவர் சொன்னதாகச் சொல் என்றார். ஓட்டுநர் விசுவாசமான மனிதர். ஆலை வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழுகிற குரலில், ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லிவிட்டு வந்தார்.

சம்பந்தியிடமிருந்து பதில் வரவில்லை. அவர் சிரித்தால் பக்கத்து அறையில் ஜன்னல் அதிரும். பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்களுக்குக் கை வலிக்கும். அப்படிப்பட்டவர் ஒரு போன்கூடச் செய்யவில்லை. கலவை அறையைப் பூட்டினார். கலவைக்குப் பொறுப்பாக இருந்த தன் தம்பியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்தத் தம்பிக்கு ஆலையில் மோப்பக்காரர் என்று பெயர். மீசை அரும்பிய நாளிலிருந்து கலவை அறையில் நிற்பவர். மாவு ஒரு கைப்பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் எந்தச் சரக்கு பழசு, எது ஈரம் பட்டது என்று சொல்லிவிடுவார். இப்போது சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்று மகள் தன் அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"உன்னை யாராவது ஏதாவது சொல்றாங்களாடி?" என்று கேட்டாள் பெரியவரின் மனைவி.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. ரொம்ப மரியாதையா நடத்தறாங்க. அதான் கஷ்டமா இருக்கு. நான் ஏதோ வந்துட்டுப் போற ஆள் மாதிரி."

மனைவி அதை அப்படியே பெரியவரிடம் ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு, "நல்லா திருப்பி அனுப்புனீங்க மூட்டைய. அதோட சேத்து நம்ம பொண்ணையும் அவங்க திருப்பி அனுப்பாம இருந்தா சரி" என்று தட்டை நங்கென்று வைத்தாள். பெரியவர் கடையிலிருந்து வேறு தீனி வாங்கி வந்திருந்தார். மீன்கள் அதையும் தொடவில்லை. புதுத் தீனி, பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று ஆட்களிடம் சொன்னார். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. வயது ஏறியதில் முழங்கால் மட்டுமல்ல, முடிவெடுக்கிற இடமும் வலிக்கத் தொடங்கியிருந்தது. அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் எது சரி, எது தப்பு என்று அவர் ஒருவர்தான் சொல்லிவருகிறார். மாற்றிச் சொல்ல ஆளில்லை. ஒரு காலத்தில் அது பெருமையாக இருந்தது. இப்போது அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டு எங்காவது ஒரு நிழலில் உட்கார மாட்டோமா என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூத்த மகனும் மருமகளும் விடுமுறைக்கு வந்தார்கள். மகன் வந்ததும் படுத்துத் தூங்குகிற ஜாதி. மருமகள் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவள். மீன் எதனால் தீனி எடுக்கிறது, எதனால் நிறுத்துகிறது, உடம்புக்குள் எந்தச் சுரப்பு அதைத் தீர்மானிக்கிறது என்பதுதான் அவள் படிப்பும் பிழைப்பும். மீனுக்கு ஏன் பசிக்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கினவள் என்று அவள் மாமியார் வெளியாரிடம் பெருமையாகச் சொல்வாள். வீட்டுக்குள் அதையே, "மீனுக்குப் பசிச்சா தெரியுது, மாமியாருக்குப் பசிச்சா தெரியல பாரு" என்று கேலியாகச் சொல்வாள். இரண்டையும் மருமகள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

பெரியவர் மட்டும் பண்ணை விஷயமாக அவளிடம் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. மருமகளின் படிப்பு வீட்டுக்கு அழகு. அதை எடுத்து வேலை வாங்குவது, விருந்துக்கு வந்தவளைப் பாத்திரம் தேய்க்கச் சொல்வது போல என்பது அவர் கணக்கு. அதனால் இந்த முறையும் அவர் கேட்கவில்லை. மனைவி சொல்லிவிட்டாள். சமையலறையில் வைத்து, லாரி போனது, ஓட்டுநர் பேசியது, மோப்பக்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மறுநாள் காலை மருமகள் முன் தொட்டியருகே வெகு நேரம் நின்றாள். தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள். கொண்டு வந்திருந்த கருவியை விட்டு ஏதோ அளந்தாள். பிறகு பண்ணையைச் சுற்றிக்கொண்டு போனாள். பெரியவர் பார்த்தும் பாராததுபோல் வீட்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பம்ப் அறைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் சளசளவென்று அடிக்கிற சத்தம். அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம் அது. காதை நம்பாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி பின்பக்கம் நடந்தார்.

பின் தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. வளைந்த முதுகும் கிழிந்த துடுப்புமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. மருமகள் கையிலிருந்த தீனி தீர்ந்ததும் பக்கத்தில் பிரித்து வைத்திருந்த மூட்டையிலிருந்து இன்னொரு கை அள்ளி வீசினாள்.

"என்ன தீனிம்மா அது?" என்றார் பெரியவர்.

மருமகள் கொஞ்சம் தயங்கினாள். மூட்டையின் வாயை மடித்துக் காட்டினாள். சம்பந்தி ஆலையின் முத்திரை அதில் தெளிவாக இருந்தது.

பம்ப் ஓட்டுகிறவர் சற்றுத் தள்ளி நின்று கையைப் பிசைந்தார். பின் தொட்டிக்கு என்று பிரித்த மூட்டை, பிரித்ததை லாரியில் ஏற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். கடைசியாக வந்த லோடுதானா என்று மருமகள் கேட்டாள். அதே லோடு என்றார். இவை எப்போதிலிருந்து இப்படித் தின்கின்றன என்று பெரியவர் கேட்டார். எப்போதுமே இப்படித்தான் என்றார் அவர். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் நிறுத்திக்கொண்டார். லாரி போன அன்று அவர் போட்ட சத்தத்துக்குப் பிறகு இந்தப் பண்ணையில் யார் வந்து என்ன சொல்வார்கள்?

அங்கிருந்து வீட்டுக்குள் வருவது பெரிய தூரமில்லை. அன்றைக்குப் பெரிய தூரமாகத்தான் இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். மனைவி காபி வைத்தாள். மருமகள் எதிரே உட்கார்ந்து, முன் தொட்டியில் சமீபத்தில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா என்று கேட்டாள். தண்ணீரை மாற்றவில்லை என்றார். மருந்து எதுவும் விடவில்லை என்றார். புது மீன் எதுவும் சேர்க்கவில்லை.

"வலை போட்டீங்களா மாமா?"

"பருவம் வரதுக்கு முன்னால யாரும்மா வலை போடுவாங்க? பிடிக்கவே இல்ல."

"பிடிக்கலையா?" என்றாள் மனைவி அடுப்புப் பக்கத்திலிருந்து. "கல்யாணம் ஆனதுலேருந்து அவங்க வீட்டு ஆளுங்க வந்தப்பல்லாம் யாரு இழுத்தது?"

பெரியவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அது அவர் அப்பா காலத்து வழக்கம். வியாபாரியைச் சுவரோரம் நிற்க வைத்து மீனைக் காட்டினால் போதும். மதிப்பான விருந்தாளி வந்தால் வலையை இழுத்து, இருப்பதிலேயே பெரிய மீனைத் தூக்கி, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மரியாதை இந்த வீட்டில் கிடையாது. அப்பா காலத்தில் அப்படிப்பட்ட விருந்தாளி வருஷத்துக்கு ஒருவரோ இருவரோ வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெரிய கூட்டம். பெரியப்பா குடும்பம், சித்தப்பா குடும்பம், அத்தைமார், அத்தைமாரின் சம்பந்திகள் என்று பெண் எடுத்த வீட்டைப் பார்க்க ஒவ்வொரு வண்டியாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்குச் செய்து இன்னொருவருக்குச் செய்யாமல் விட்டால் பேச்சு வரும். ஒவ்வொரு வண்டிக்கும் வலை இறங்கியது. மீனைக் கையில் ஏந்திச் சிரித்தபடி எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அத்தை கைநழுவி இரண்டு தடவை கீழே போட்டாள். பரவாயில்லை, நம்ம வீட்டு மீன்தானே என்று பெரியவர் மூன்றாவது தடவையும் தூக்கிக் கொடுத்தார்.

"பசிங்கறது வயித்துல இருக்கிற மாதிரி நமக்குத் தோணும் மாமா" என்றாள் மருமகள். "கெண்டைக்கு வயிறுன்னு தனியா ஒண்ணு கிடையவே கிடையாது. வாயிலேருந்து நேரா குடல்தான்."

"எங்க சம்பந்திக்கு நேர் எதிர்" என்றாள் மாமியார்.

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே சொன்னாள். பசியைத் தீர்மானிக்கிற இடம் மூளையில் இருக்கிறது. குடல் காலியானால் அங்கிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போய், காலி என்று சொல்லும். நிறைந்தால் வேறொன்று போய், போதும் என்று சொல்லும். உடம்பில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று இன்னொன்று தகவல் கொடுக்கும். மூளை எல்லாவற்றையும் கேட்டுத்தான் தின்னலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். எல்லா மீனுக்கும் இது ஒரே மாதிரி இல்லை; ஒரு இனத்தில் பசியைத் தூண்டுவது இன்னொரு இனத்தில் குறைக்கக்கூடச் செய்யும். ஆனால் பயம் விஷயத்தில் பெரும்பாலும் ஒன்றுதான். மீன் பயந்தால் மூளை முதலில் ஓடித் தப்பிக்கிற வேலையைத் தொடங்கும். அதைத் தொடங்கி வைக்கிற அதே ஹார்மோன், தின்கிற வேலையை நிறுத்திவிடும். பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொன்று ரத்தத்தில் ஏறும். ஒரு தடவை என்றால் கொஞ்ச நேரத்தில் அது இறங்கி, மீன் பழையபடி தின்னும். திரும்பத் திரும்ப வலை விழுந்தால் ஏறினது இறங்க நேரமே கிடைக்காது.

"குடல் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும் மாமா. பயத்துல அது காதுல விழாது."

"நான் அதுங்களை ஒண்ணும் பண்ணலியேம்மா" என்றார் பெரியவர். "கையில எடுத்துப் பாத்துட்டு, திரும்பத் தண்ணியிலதானே விட்டேன்."

"அது நமக்குத் தெரியும். அதுங்களுக்குத் தெரியாதே மாமா."

அவர் தலையை அசைத்தார். எப்போது திரும்பத் தின்னும் என்று கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் அவள். தொட்டிக்கு மேலே நிழல் போட்டு, யாரும் பக்கத்தில் போகாமல், வலையைத் தொடாமலே விட்டால் மெல்லத் தேறும். இந்தப் பருவத்துக்கு முட்டை குறையலாம். இல்லாமலே போனாலும் ஆச்சரியமில்லை. ரத்த மாதிரி எடுத்து நிலையத்தில் பார்க்கலாம், ஆனால் அதற்கும் மீனைப் பிடிக்க வேண்டும், இப்போது வேண்டாம் என்றாள்.

பிறகு மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குத் தானே போன் செய்து பேசுவதாகச் சொன்னாள். தண்ணீரில் கோளாறு, தீனியில் குறையில்லை என்று நிலையத்திலிருந்து சொன்னார்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர்கள் மேலும் தப்பில்லை, இவர்கள் மேலும் தப்பில்லை. மாமியாரும் அது நல்ல யோசனை என்றாள். இல்லையென்றால் மீன் தின்ன ஆரம்பிக்கும் வரை பொறுத்திருந்து, அதைக் காட்டிப் பேசினால் இன்னும் கெட்டியாக இருக்கும் என்றாள்.

பெரியவர் எழுந்து முன் அறைக்குப் போனார். உண்மையைச் சொன்னால், அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருவர் வந்து முதுகுச் சுமையை மெல்ல இறக்கி வைப்பது போலிருந்தது. தண்ணீர்தான் காரணம். தண்ணீருக்கு மானம் மரியாதை கிடையாது, அதன் மேல் என்ன பழி போட்டாலும் வாங்கிக்கொள்ளும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். மூடினால், தேய்த்த சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிற மனிதர் வந்து நின்றார். கல்யாணத்தன்று அந்த மனிதர் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டு மீனுக்கு என் கையால் கலக்கக் கொடுத்துவைத்திருக்கிறேன் என்று சொன்னார். மீன் தின்ன ஆரம்பிக்கும் வரை என்றால், அதுவரை அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பட்டப்பகலில் லாரியில் ஏற்றி அனுப்பிய சொல்லைப் போனில் காதோடு காதாகத் திரும்ப வாங்குவது எந்த ஊர் நியாயம்? அதுவும் மருமகள் வாயால், ஒரு பொய்யைச் சொல்ல வைத்து. இந்த வீட்டு ஆண் செய்த தப்பை இந்த வீட்டுக்கு வாழ வந்த பெண் மூடி மறைத்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், அதற்குப் பிறகு முன் தொட்டி இருந்தால் என்ன, தூர்ந்தால் என்ன? சமையலறைப் பக்கம் திரும்பி, நீ யாருக்கும் போன் செய்ய வேண்டாம்மா, நான் நாளைக்குப் போகிறேன் என்றார்.

"எதுல போவீங்க?" என்றாள் மனைவி.

"லாரியிலதான்."

மறுநாள் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது, அவ்வளவு உயரம் ஏறியதில் முழங்கால் சுளீரென்றது. ஆலைச் சாலை திரும்புகிற இடத்தில் ஓட்டுநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் ஏதாவது சொல்லணுமா பெரியவரே?" என்றார்.

"நீ வாயே திறக்காதப்பா. போன தடவை திறந்தது போதும்."

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஆலை முற்றத்தில் மூட்டை தைக்கிறவர்களும் ஏற்றுகிறவர்களும் மாவு படிந்த முகத்தோடு நின்றிருந்தார்கள். லாரியைப் பார்த்ததும் வேலை தானாக நின்றது. சம்பந்தி அறையிலிருந்து வெளியே வந்து, வாங்க வாங்க, உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டார். குரலில் குறையில்லை, சிரிப்பு மட்டும் வரவில்லை. உள்ளே வேண்டாம், இங்கேயே பேசிவிடுகிறேன், தம்பியைக் கொஞ்சம் கூப்பிடுங்கள் என்றார் பெரியவர். சம்பந்தி ஒரு கணம் பார்த்தார். பிறகு ஆள் அனுப்பினார்.

ஆலைக்குப் பின்னால்தான் வீடு. மோப்பக்காரர் வந்தார். கூடவே, தள்ளி, கதவோரம் மகளும் வந்து நின்றாள். பெரியவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது என்று தெரியும்.

"தீனியில ஒரு குறையும் இல்ல" என்றார், முற்றத்துக்கே கேட்கும்படி. "தப்பு என் மேல. வரவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டணும்னு ஓயாம வலைய இழுத்து, மீனைப் பயப்பட வெச்சேன். பயத்துல அதுங்க தின்றதை விட்டுடுச்சு. அது புரியாம உங்க கலவையைக் குறை சொன்னேன். லாரியில ஏத்தி அனுப்பின வார்த்தையை நானே வந்து திரும்ப எடுத்துக்கறேன்."

"விடுங்க சம்பந்தி, நமக்குள்ள என்ன இதெல்லாம்" என்றார் சம்பந்தி, தரையைப் பார்த்தபடி. அப்படி வந்து மீனைக் கையில் ஏந்தியவர்கள் அத்தனை பேரும் தன் வீட்டு ஆட்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

மோப்பக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் இப்ப தின்னுதா?"

"இல்ல."

"அப்ப தீனி நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுல பின்னால ஒரு தொட்டி இருக்கு. ஊனமான மீனெல்லாம் கிடக்கு. யாருக்கும் காட்டறதில்ல. அதே லோடுல வந்த மூட்டைய அதுங்க அடிச்சுப் பிடிச்சுத் தின்னுது. முன்னால இருக்கிறது கடைத் தீனியையும் தொடல."

மோப்பக்காரர் அதை மெல்ல உள்வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"திரும்பி வந்த மூட்டை ஒவ்வொண்ணையும் பிரிச்சு மோந்து பாத்தேன்" என்றார். "ஒரு வாடையும் இல்ல. சரக்கு நல்லாத்தான் இருந்துது. சரி, அப்ப என் மூக்குதான் போயிடுச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டகூடப் போனேன்."

ஏற்றுகிறவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார்.

"மூக்கு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. நான் நம்பல" என்றார் மோப்பக்காரர். "பெரியவர் வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்தா அது தப்பா இருக்காதுன்னு இத்தனை வருஷமா கேட்டுப் பழகிட்டோம். என் மூக்கை நம்பறதா, உங்க வார்த்தையை நம்பறதான்னு வந்தப்ப, மூக்கை விட்டுட்டேன்."

பெரியவரின் அப்பா சேர்த்து வைத்தது, பெரியவர் தூசு படாமல் காத்தது, எங்கே போனாலும் முன்னால் போய் நிற்கும் அந்தப் பெயர். அது ஒரு மனிதனின் மூக்கையே அவனிடமிருந்து பிடுங்கிவிட்டதே. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"இனிமே நம்பாதீங்க" என்றார் கடைசியில்.

சம்பந்தி கலவை அறைச் சாவியை எடுத்துத் தம்பி கையில் வைத்தார். தம்பி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உடனே திறக்கப் போகவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். தைக்கிற இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. பெரியவர் ஓட்டுநருக்குக் கைகாட்டி, லாரியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். திருப்பி அனுப்பிய மூட்டைகளை எல்லோர் கண் முன்னாலும் ஏற்றிக்கொண்டு போவதாகத்தான் அவர் ஏற்பாடு. வரும் வழியில் மனதுக்கு இருந்த ஒரே ஆறுதலும் அதுதான்.

"எதுக்கு?" என்றார் மோப்பக்காரர்.

"மூட்டைய ஏத்திக்கிட்டுப் போறேன்."

"தின்னாத தொட்டிக்குத் தீனி எதுக்குங்க? போட்டா ஊறி அழுகும். தண்ணி கெடும். இருக்கிற மீனும் போயிடும்." அவர் குரலில் கோபமில்லை, தொழில் பேசுகிறவரின் குரலாக இருந்தது. "அந்தப் பழைய மூட்டையும் வேண்டாம். தின்ன ஆரம்பிச்சதும் சொல்லி அனுப்புங்க. புதுசா கலந்து தரேன்."

"நாளாகும்னு மருமக சொல்றா."

"ஆகட்டும். காத்திருங்க. நானும் காத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

பெரியவர் தலையசைத்தார். மகள் கதவோரத்திலிருந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். இளைத்திருந்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். போயிட்டு வரேம்மா என்றார். அவள், சரிப்பா, முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

காலி லாரி வழியெல்லாம் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. பண்ணை கேட்டில் வேலையாட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூட்டை ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டார் கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. இறங்கி விளக்கம் சொல்லலாம். பெரியவருக்குத் தெம்பில்லை. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

முன் தொட்டிக்கு மேலே பச்சை நிறத்தில் நிழல் வலைத்துணி கட்டியிருந்தார்கள். அதன் கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. எப்போதும் பெரியவர் அங்கே இறங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஓட்டுநர் வழக்கப்படி வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதப்பா" என்றார் பெரியவர். "போ."